கெண்டி யாரிடம்

பெரிய கோப்பையின் கதை எல்லோருக்கும் தெரியும்.
கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப்.
இலவச மது நின்றதும் ஆட்களும் நின்றுபோனார்களாம்.
வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாயை வாரி உருக்கி
மூன்று நாகங்களைக் கைப்பிடியாக வளைத்து
மூடிமேல் ஒரு யானையை நிறுத்தி
கப்பலேற்றி அனுப்பிவைத்தார்கள்.
அந்த யானைக்காக
ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும்
வருஷம் ஒருமுறை சேற்றில் புரள்கின்றன.

எங்களுக்கு இருந்தது ஒரு கெண்டி.
அலுமினியம். மூக்கு கொஞ்சம் கோணல்.
வில்ஃப் ஒருநாள் அதைச் சுவரில் அடித்ததில் வந்த கோணல்.
(நான் அடித்தேன் என்பான். நம்பாதீர்கள்.)

விவாகரத்தில் எல்லாம் பிரிந்தது.
நாய் அவனுக்கு. கார் எனக்கு.
நாய் என் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டது,
அதையும் பேசித் தீர்த்தோம்.
கெண்டியில்தான் பேச்சு நின்றது.
வக்கீல் திருமதி பிரிங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
"இதைவிட என் ஒரு நிமிஷம் விலை அதிகம்" என்றாள்.
அப்போதுதான் வில்ஃப் சொன்னான்:
"ஜெயிக்கிறவங்க வச்சுக்கலாம், எஃபி."

நான் கோல்ட்ஸ்ட்ரீமில்.
அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கார்ன்ஹில்லில்.
ஒரு ராஜா படையோடு செத்துப்போன வயல்
அவன் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான்.
இப்போது அங்கே பார்லி.
நடுவில் ட்வீட். அதன்மேல் பாலம்.
பாலத்தின் பாதியில் தேசம் மாறும்;
காற்றுக்கு அது தெரியாது.

விதிகள் இரண்டு.
கையிலிருப்பவரின் அணி தோற்றால்
மறுநாள் காலை பத்து மணிக்குப் பாலத்தின் பாதிவரை
கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.
தேய்த்துக் கழுவித்தான்.
அடிப்பிடித்த உப்போடு ஒருமுறை தந்தான்;
அந்த வருஷத்தை நான் மறக்கவில்லை.

பதினாலு வருஷம்.
ஐந்து முறை பாலத்துக்குப் போனேன்,
வாங்க மூன்று முறை, கொடுக்க இரண்டு.
மற்ற வருஷங்களில் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது.
அப்படிப்பட்ட வருஷங்களில்
அவன் இருமல் எப்படியிருக்கிறது என்றுகூடத் தெரியாது.

இந்த முறை கெண்டி என்னிடம்.
எடின்பரோவில் மழை.
முதல் பாதியில் நாங்கள் எங்கேயும் இல்லை.
கடைசி நிமிஷம் ஸ்க்ரம் சரிந்து, எழுந்து, சரிந்து,
கோட்டின்மேல் எட்டுப் பேர் குவிந்து கிடக்க
அடியில் எங்கேயோ பந்து.
நடுவர் கையை உயர்த்தவில்லை.
இரண்டு பக்கமும் ஒரே எண்.

சமன் என்றால் வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம்.
பெரிய கோப்பைக்கும் அப்படித்தான்.
யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை.

காலை எட்டுக்கு எழுந்தேன்.
பள்ளிச் சமையலறையில் நாளைக்கு முந்நூறு பேருக்கு சூப்,
கேரட் நறுக்கி வைக்கலாம் என்று நினைத்தேன்.
நறுக்கவில்லை.
ஒன்பதரைக்குக் கோட்டை மாட்டினேன்.
வெறுங்கையோடு பாலத்தில் ஏறினேன்.
சால்மன் பிடிக்கிற ஒருத்தன் இடுப்புவரை ஆற்றில் நின்று
என்னை அண்ணாந்து பார்த்தான்.

பாதியில் வில்ஃப்.
அவன் கையும் வெறுங்கை.

"பந்து தரையைத் தொடல" என்றான், வணக்கம்கூட இல்லாமல்.
"தொட்டது."
"ஒருத்தன் முழங்கை அடியில இருந்தது."
"முழங்கை உன் கண்ணுல இருந்தது."

டிராக்டர் ஒன்று வந்தது.
இருவரும் ஒரே கைப்பிடிச் சுவரில் ஒட்டிக்கொண்டோம்.
அது போன பிறகும் கொஞ்சம் அப்படியே நின்றோம்.
அவன் இருமினான். மோசமில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது,
கிளம்புமுன் கெண்டியை அடுப்பில் வைத்தேனே,
அணைத்தேனா?

சொன்னேன்.

வலது முட்டி போனவன்,
இருபது வயதில் ஊர் அணிக்கு முன்வரிசையில் ஆடியவன்,
"அடிப்பாவி" என்று
ஸ்காட்லாந்துக்குள் ஓடினான்,
எனக்கு முன்னால்.